வெள்ளெழுத்தும் சாளேஸ்வரமும்

போன ஆவணியில் அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அட்டையின் ஓரத்தில் காலாவதி தேதியைப் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்களே, அதைப் பார்க்க அட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். ஒன்றும் பிடிபடவில்லை. கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன். இன்னும் கொஞ்சம். கடைசியில் கை முழுதாக நீண்டுவிட்டது. கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "என்னட்டி, கைய அம்புட்டுத் தூரம் நீட்டிப் பிடிக்கே? வெள்ளெழுத்து வந்துட்டு போலயே" என்றாள்.

எனக்கு அப்போது 43 முடிந்து இரண்டு மாதம்.

சின்ன வயதிலிருந்து காதில் விழுந்த சொல்தான். சித்தப்பா பேப்பரை ஜன்னலோரம் கொண்டுபோகும்போதும், வாத்தியார் வருகைப் பதிவேட்டைத் தள்ளிப் பிடித்துப் பெயர் கூப்பிடும்போதும் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். வயசானால் வரும் ஏதோ ஒன்று என்பதற்குமேல் அதை நினைத்துப் பார்த்ததில்லை. அன்றைக்கு மாத்திரை அட்டையைப் பிடித்தபடியே நின்று, அந்தச் சொல்லை முதல்முறையாகப் பிரித்துப் பார்த்தேன். வெள் + எழுத்து. வெள்ளையான எழுத்து. ஆமாம், அப்படித்தான் இருந்தது! இருட்டாகவில்லை, மறையவும் இல்லை. கறுப்பில் இருக்க வேண்டிய எழுத்து, கரும்பலகையில் பாதி அழித்த சாக்பீஸ் எழுத்துபோல வெளுத்துப்போய் நின்றது.

கண்ணுக்கு வரும் கோளாறுகளுக்குத் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. மாலைக்கண், கண்புரை, கண்ணில் பூ விழுதல். பசியில் கண் பஞ்சடைத்துப் போகும். வழி பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப் போகும். குறளில் ஒருத்தி காத்திருக்கிறாள்:

வாளற்றுப் புற்கென்ற கண்ணும் அவர்சென்ற
நாளொற்றித் தேய்ந்த விரல்.

அவர் போன நாட்களைச் சுவரில் ஒற்றி ஒற்றி எண்ணியதில் விரல் தேய்ந்துவிட்டது. வழியையே பார்த்திருந்ததில் கண்ணும் ஒளி போய்ப் 'புற்கென்று' ஆகிவிட்டது. அந்தப் 'புற்கென்ற' என்பதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், அதிலேயே ஒரு மங்கல் இருக்கிறது. மங்கிய பார்வைக்கு இதைவிட நல்ல சொல் எனக்குத் தெரியாது.

ஆனால் இவை எல்லாவற்றிலும் குறை கண்ணில்தான் இருக்கிறது. பூப்பது, பஞ்சடைப்பது, புற்கென்று ஆவது எல்லாம் கண். வெள்ளெழுத்து என்ற சொல்லில் கண்ணே இல்லை. எழுத்து வெளுத்துவிட்டது என்று மட்டும் சொல்கிறது. இந்தக் குறை வந்தவர் உள்ளிருந்து பார்ப்பது அப்படியே அந்தச் சொல்லில் இருக்கிறது. அம்மா சொல்வதற்கு முன்னால் எனக்கும் ஆறு மாதம் அப்படித்தான் போயிற்று. அச்சு சரியில்லை என்றேன், லைட் பத்தவில்லை என்றேன், போன் திரையில் கீறல் விழுந்துவிட்டது என்றேன். கண்ணைச் சந்தேகப்படவே தோன்றவில்லை. தூரத்துப் பஸ்ஸின் போர்டு கணீரென்று தெரியும்போது யாருக்குத் தோன்றும்?

பாடநூல் தமிழில் இதற்கு 'விழி ஏற்பமைவுத் திறன் குறைபாடு' என்று பெயர். பரீட்சைக்குச் சரி. மருத்துவர்கள் சொல்லும் பிரஸ்பயோபியா கிரேக்கத்திலிருந்து வந்தது. 'பிரஸ்பஸ்' என்றால் முதியவர், 'ஓப்ஸ்' என்றால் கண். கிழவர் கண் என்று அர்த்தம். 43 வயதில் அந்தப் பெயரை ஏற்றுக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

உள்ளே நடப்பது இதுதான். கண்ணுக்குள் இருக்கும் வில்லை, குழந்தைப் பருவத்தில் இளம் நுங்குபோல நெகிழ்வாக இருக்கும். கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கும்போது அதைச் சுற்றியுள்ள தசை சுருங்கும், வில்லை தானாகத் திரண்டு குவியும். ஆயுள் முழுக்க அந்த வில்லை வளர்ந்துகொண்டே இருக்கிறது. வெங்காயம்போல அடுக்குமேல் அடுக்கு ஏறுகிறது, ஏற ஏற இறுகுகிறது. நுங்கு முற்றிக் கடுக்காய் நுங்காக இறுகிப்போகிற மாதிரிதான். தசை சுருங்கினாலும் இறுகிப்போன வில்லை அசைந்து கொடுப்பதில்லை. 10 வயதுப் பிள்ளை சுமார் 7 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதைக்கூடத் தெளிவாகப் பார்க்கும். 40 வயதில் அந்தத் தூரம் 20 சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். 60 வயதில் ஏறக்குறைய ஒரு மீட்டர். நம் கை அவ்வளவு நீளம் இல்லை. இது நோயும் இல்லை. கண்ணை உருட்டிப் பயிற்சி செய்வதால் இறுகிய வில்லை மறுபடி இளகிவிடாது.

எழுத்து ஏன் வெளுக்கிறது என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. குவியம் தவறும்போது ஒவ்வொரு புள்ளியும் ஒரு சின்ன வட்டமாகப் பரவுகிறது. எழுத்தின் கோடோ மெல்லியது. அதன் கறுப்பு சுற்றியிருக்கும் வெள்ளைத் தாளுக்குள் பரவ, தாளின் வெள்ளை கோட்டுக்குள் புகுந்துவிடுகிறது. இரண்டும் கலந்து சாம்பலாகிறது, இன்னும் மோசமானால் வெளிர்கிறது. தலைப்பு எழுத்து தடியாக இருப்பதால் தப்பிக்கிறது, பொடி எழுத்துதான் முதலில் போகிறது. ஒளியியல் எதுவும் படிக்காத யாரோ ஒருவர், தான் பார்த்ததைப் பார்த்தபடி சொல்லி, இந்த உண்மையை ஒரே சொல்லில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு அந்த ஆள்மீது பெரிய மரியாதை.

'வெள்' என்ற வேரும் லேசானது இல்லை. நிறத்தோடு நிற்காமல் வெறுமையையும் அது சொல்லும். எழுதாத ஓலைக்கு வெள்ளோலை என்று பெயர். சுமையில்லாமல் ஓட்டிப் பார்ப்பது வெள்ளோட்டம். உள்ளீடு இல்லாத அறிவு வெள்ளறிவு. அந்த வரிசையில் வைத்தால் வெள்ளெழுத்து என்பது நிறம் வெளுத்த எழுத்து மட்டுமல்ல, இருந்தும் ஒன்றும் சொல்லாத வெற்றெழுத்தும்தான்.

இன்னொன்றும் தோன்றுகிறது. பனையோலையில் எழுத்தாணியால் கீறும்போது எழுத்து கறுப்பாக விழாது. ஓலையின் நிறத்திலேயே வெளிறிய கீறலாக இருக்கும். பிறகு விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்தோ, பச்சிலைச் சாற்றைச் சேர்த்தோ ஓலைமேல் தடவித் துடைப்பார்கள். கீறலுக்குள் மை தங்க, எழுத்து துலங்கும். மை தடவுவதற்கு முன்னால் அந்த ஓலை எப்படி இருக்கும்? எழுத்து இருக்கிறது என்று விரலுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. ஏடு படித்துப் பழகிய ஒருவருக்கு நாற்பதைத் தாண்டியதும் மை தடவிய ஓலையும் மை தடவாத ஓலைபோலத் தோன்றியிருக்கும். வெள்ளெழுத்து என்று அவர் சொல்லியிருக்கலாம். இது என் ஊகம்தான், ஆனாலும் விட்டுவிட மனசில்லை. மலையாளத்திலும் இதே குறைக்கு இதே சொல், வெள்ளெழுத்து. அங்கேயும் ஓலைதான், எழுத்தாணிதான்.

சரி, இதுவரை சொன்னது அம்மாவின் சொல். எங்கள் வீட்டில் இன்னொரு சொல்லும் இருந்தது. அது ஆச்சியுடையது.

ஆச்சி அதைச் 'சாளேசரம்' என்பாள். கொஞ்சம் படித்தவர்கள் சாளேஸ்வரம் என்பார்கள். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அது ஏதோ கோயில் உள்ள ஊர் என்று நினைத்திருந்தேன். ராமேஸ்வரத்துக்கு அந்தப் பக்கம் எங்கேயோ சாளேஸ்வரம் என்று ஒன்று இருக்கிறது, வயசானவர்கள் எல்லாரும் ஒருநாள் அங்கே போய்ச் சேருவார்கள் என்று.

ஈஸ்வரனுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இந்தியிலும் உருதுவிலும் 'சாலீஸ்' என்றால் 40. மராத்தியில் 'சாளீஸ்'. நாற்பதில் வருவதால் மராத்தியில் இந்தக் குறைக்குச் 'சாளிசி' என்று பெயர், அதற்குப் போடும் மூக்குக்கண்ணாடிக்கும் அதே பெயர்தான். கன்னடத்தில் 'சாளீசு'. வங்காளத்தில் 'சால்ஷே'. நாற்பது தாண்டினால் சால்ஷே என்று அங்கே ஒரு சொலவடையே உண்டு. தெலுங்கில் 'சத்வாரம்' என்பார்கள், அது நாற்பதைக் குறிக்கும் சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வந்தது. வேர் வேறு, எண் அதே நாற்பது. இந்தி, உருதுவில் இருப்பது 'ல', மராத்தியிலும் கன்னடத்திலும் 'ள'. நம் சாளேஸ்வரத்திலும் 'ள' இருக்கிறது. தஞ்சாவூரில் 1676 முதல் 1855 வரை மராட்டியர் ஆட்சி. கணக்குப்பிள்ளைகளும், கச்சேரி என்று அப்போது சொன்ன அரசாங்க அலுவலகங்களும் நிறைந்த ஊர் அது, நாற்பது வயசுக் கண்ணுக்கு அங்கே வேலை அதிகம். அந்த வழியாக வந்திருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது. வந்த எண்ணுக்கு நம் வாய் ஓர் ஈஸ்வரத்தைச் சேர்த்துவிட்டது. தெரியாத சொல்லைத் தெரிந்த அச்சில் வார்ப்பது எல்லா மொழியிலும் நடப்பதுதான்.

இரண்டு சொல்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது முதலில் என் மனசு முழுக்க வெள்ளெழுத்தின் பக்கம்தான் சாய்ந்தது. ஒன்று நம் மண்ணில் முளைத்த சொல், ஒரு கவிதைக்குரிய அழகு அதில் இருக்கிறது. மற்றது வெறும் எண்ணிக்கை, அதுவும் கடன் வாங்கியது. இப்படித்தான் நினைத்தேன், எழுதவும் உட்கார்ந்தேன். ஆச்சி நினைவுக்கு வந்து நிறுத்திவிட்டாள்.

ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பதின்மூன்று வயதில் மடியில் சுளகை, அதாவது முறத்தை, எடுத்து வைத்தவள், பீடி சுற்றியே ஐந்து பிள்ளைகளை வளர்த்தாள். பீடி வேலையைப் பக்கத்திலிருந்து பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ராத்திரி இலையை நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைக்க வேண்டும். காலையில் தகட்டை அளவாக வைத்துக் கத்திரியால் வெட்ட வேண்டும். தடித்த நரம்பு வருகிற இடத்தைத் தவிர்த்து வெட்ட வேண்டும், நரம்பு விழுந்தால் சுருட்டும்போது கிழிந்துபோகும். வெட்டிய இலையில் தூளைப் பரப்பி, ஒரே கனத்தில் சுருட்டி, நுனியை மடக்கி, நூலால் கட்ட வேண்டும். இத்தனையும் கண்ணிலிருந்து ஒரு சாண், ஒன்றரைச் சாண் தூரத்துக்குள் நடக்கிறது. ஆச்சி ஒரு நாளைக்கு ஆயிரம் சுற்றுவாள். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு.

நாற்பத்தைந்தை ஒட்டி அந்த ஆயிரம் எண்ணூறானது, அப்புறம் எழுநூறு. அதோடு கழிவும் கூடியது. கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் கட்டைப் பிரித்துப் பார்த்து, சரியில்லாததைக் கழித்துப்போடுவார்கள். கழித்த பீடிக்குக் கூலி கிடையாது. "கை தளந்துட்டு உனக்கு" என்று அங்கே சொன்னார்களாம். ஆச்சியும் கைதான் தளர்ந்துவிட்டது என்று நம்பினாள். இரவில் விரலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்வாள். பகலில் வீட்டுக்குள் உட்கார்ந்து சுற்றுவதை விட்டுவிட்டு, நல்ல வெயில் நேரத்தில் வாசல்படிக்கு வந்துவிடுவாள். ஏன் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. இப்போது எனக்குத் தெரிகிறது. வெளிச்சம் கூடினால் கண்மணி சுருங்கும். சிறிய துளை வழியே பார்க்கும்போது மங்கல் குறையும். ஆச்சி அதைத் தானாகவே கண்டுபிடித்திருக்கிறாள். பொழுது சாய்ந்ததும் சுளகை இறக்கிவைத்துவிடுவாள்.

ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிடுவாள். நான் ஒரே தடவையில் கோத்துக் கொடுத்ததும், "பிள்ளைக் கண்ணு பிள்ளைக் கண்ணுதான். எனக்குச் சாளேசரம்லா. எல்லாருக்கும் வாறதுதான்" என்பாள்.

வெள்ளெழுத்து என்று அவள் ஒருநாளும் சொல்லிக் கேட்டதில்லை. எப்படிச் சொல்வாள்? அவளுக்கு எல்லா எழுத்தும் வெள்ளெழுத்துதான், பிறந்ததிலிருந்தே. பீடிக்கடையின் பாஸ்புக்கில் எழுதியிருந்த அவள் பெயரும் அப்படித்தான். இந்தக் குறை வந்து அவளிடமிருந்து பறித்தது எழுத்தை இல்லை. இலையின் நரம்பை, நூலின் முனையை, அரிசியில் கிடக்கும் கல்லை. அந்த அழகான சொல்லுக்குள் நுழைய எழுத்து தெரிந்திருக்க வேண்டும். சாளேஸ்வரத்துக்குள் நுழைய நாற்பது வயது ஆகியிருந்தால் போதும்.

அப்பா பேப்பர் படிப்பவர், அதனால் அவருக்கு 42 வயதிலேயே கண்ணாடி வந்துவிட்டது. அவருடைய குறையை வீட்டில் எல்லாரும் பார்த்தார்கள், கையை நீட்டியதும் கடைக்குக் கூட்டிப் போனார்கள். ஆச்சிக்குக் கண்ணாடி வாங்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவள்தான் படிக்கப்போவதில்லையே! கண் முகாமில் புரை பார்க்கப்போனபோதுதான் அவள் முதல்முறையாகக் கண்ணாடி போட்டாள். அப்போது அவளுக்கு 60 தாண்டிவிட்டது, பீடி சுற்றுவதையும் நிறுத்தியிருந்தாள். இதை எழுதும்போதுகூடத் தொண்டை அடைக்கிறது. பதினைந்து வருஷக் கூலியில் எவ்வளவு போயிருக்கும் என்று நான் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

இது ஆச்சி ஒருத்தியின் கதை இல்லை. 2017ல் அசாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதுக்கு மேற்பட்ட 751 தொழிலாளர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பெரும்பாலும் பெண்கள், கொழுந்து பறிப்பவர்கள். குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிப் பேருக்குக் கிட்டத்தில் பார்க்கும் கண்ணாடியை உடனே கொடுத்தார்கள், மற்றவர்களுக்கு ஆய்வு முடிந்தபிறகு. கண்ணாடி போட்டவர்கள் பறித்த கொழுந்து மற்றவர்களைவிடச் சுமார் 22 சதவீதம் கூடியது. 50 வயதைத் தாண்டியவர்களிடம் அது 30 சதவீதத்துக்கும் மேல். மருந்து இல்லை, மெஷின் இல்லை, இரண்டு குவிவில்லையும் ஒரு பிரேமும்தான். கொழுந்து பறிக்க எழுத்து எதற்கு? ஆனால் கண் வேண்டும்.

உலகத்தில் முதன்முதலில் செய்த மூக்குக்கண்ணாடியே இந்தக் குறைக்காகத்தான். 1306ல் பிளாரன்ஸ் நகரத்தில் ஜோர்தானோ என்ற துறவி செய்த பிரசங்கத்தில், கண்ணாடி செய்யும் கலையைக் கண்டுபிடித்து இன்னும் 20 வருஷம்கூட ஆகவில்லை என்கிறார். அந்தக் கண்ணாடிகள் குவிவில்லைதான், நாற்பதைத் தாண்டியவர்களுக்கானதுதான். கிட்டப்பார்வைக்கான குழிவில்லை அதற்கு ரொம்பப் பிறகுதான் வந்தது. 700 வருஷத்துக்கு மேலாக மருந்து கையில் இருக்கிறது என்று அர்த்தம். வாசல்படியில் வெயிலில் உட்கார்ந்திருந்த ஆச்சிக்கு அது வந்து சேரவில்லை.

நான் கண்ணாடிக் கடைக்குப் போனபோது அங்கே இருந்த பையன் இரண்டு சொல்லையும் சொல்லவில்லை. "ரீடிங் கிளாஸ் போதும் மேடம், பிளஸ் ஒன்" என்றான். வெள்ளெழுத்து என்றேன், அவனுக்குத் தெரியவில்லை. சாளேஸ்வரம் என்றேன், கல்லாவில் இருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். அட்டையில் ஒரே பத்தியைப் பொடியிலிருந்து பெரிதுவரை அச்சடித்து வைத்திருந்தார்கள். கண்ணாடியைப் போட்டதும் கடைசி வரி கறுப்பாக எழுந்து நின்றது. அப்படியே மை தடவிய ஓலைதான். அந்த ஒரு நொடிக்காகவாவது வெள்ளெழுத்து என்ற சொல்லை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டும். பெயர் தெரியாததால் எத்தனை பேர் தலைவலித் தைலத்தோடு காலம் தள்ளுகிறார்கள்!

எதிர்வீட்டு மதினிக்கு 46 வயது. எங்கள் தெருவில் இன்னும் பீடி சுற்றுகிற நாலைந்து பேரில் அவளும் ஒருத்தி. இப்போதெல்லாம் சாயந்திரமானால் தலை வலிக்கிறது, கழிவு நிறைய விழுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஊருக்குப் போயிருந்தபோது என் கண்ணாடியைக் கழற்றி, "சும்மா போட்டுப் பாருங்க மதினி" என்றேன். படிக்கிறவங்க போடுறதை நான் போட்டு என்ன செய்ய என்று கூச்சப்பட்டாள். அப்புறம் போட்டாள். சுளகிலிருந்து ஓர் இலையை எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"எம்மா... இலையில இம்புட்டு நரம்பா ஓடுது!"

கண்ணாடியோடே ஐந்தாறு பீடி சுற்றினாள். கட்டி முடித்ததைக் கண்ணெதிரே பிடித்துப் பார்த்துவிட்டு, "எனக்கு என்ன வந்திருக்கு, கண்ணுல சீக்கா?" என்று கேட்டாள்.

வெள்ளெழுத்து என்றுதான் வாயில் வந்தது. சுளகைப் பார்த்தேன். சீக்கெல்லாம் இல்லை மதினி, சாளேசரம், எல்லாருக்கும் வருவதுதான் என்றேன். அடுத்த நாள் காலையில் இரண்டு பேரும் டவுனுக்குப் பஸ் ஏறினோம்.